வீட்டில் கட்டும் வெடி: மிச்சம் யாருக்கு, செலவு யாருக்கு?

கடையில் விலை கொடுத்து வாங்கும் தோட்டாவைவிட வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் தோட்டா மலிவானது என்னும் எண்ணம் துவக்கு சாதாரண மனிதரின் கைக்கு வந்த காலம் முதலே இருந்துவருகிறது. காட்டுப் பன்றிக்காக வயலோரம் வைக்கப்படும் வெடியிலும், மீன் கூட்டத்தின் மேல் எறியப்படும் வெடியிலும் வேலை செய்வது இதே எண்ணம்தான். இந்த எண்ணத்தின் வரவையும் செலவையும் முழுமையாக எழுதிப் பார்ப்பதற்கு மன்னார்க் கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது. மன்னார்த் தீவின் ஒருபுறம் பாக்குக் கடலும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் இருக்க, பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் கட்டுக்கரைக்குளத்து நீரில் விளையும் வயல்களும் அவற்றை ஒட்டிய வன்னிக் காடுகளும் தொடங்குகின்றன. ஆகவே துவக்கின் கணக்கும் கடல் வெடியின் கணக்கும் ஒரே மாவட்டத்துக்குள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

மன்னார் நகரிலிருந்து பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குச் செல்லும் இருப்புப் பாதையில் தோட்டவெளி ஒரு சிறு நிலையம். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையால் 1544ஆம் ஆண்டு கொல்லப்பட்ட மன்னார்க் கிறிஸ்தவர்களின் நினைவைத் தாங்கும் வேதசாட்சிகளின் ஆலயத்தால் அறியப்பட்ட இவ்வூர், 1990இல் உள்நாட்டுப் போரினால் இரயிலை இழந்து, 2015 மார்ச்சில் அதை மீண்டும் பெற்றது. பனையும் மணலும் கடலும் சூழ்ந்த இத்தகைய ஊர்களுக்கு வெடியோசை புதிதன்று. போர் ஓய்ந்த பின்னும் கடலில் ஓயாத வெடியோசைக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

முதலில் தோட்டாவின் கணக்கு. ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன: பித்தளையாலோ கடதாசி, பிளாஸ்டிக் முதலியவற்றாலோ ஆன கோது, அதன் அடியில் பதிக்கப்பட்டு, அடிபட்டதும் தீப்பொறி தரும் எரியூட்டி, அப்பொறியால் எரிந்து வாயுவாக விரியும் மருந்து, அவ்வாயுவால் உந்தப்படும் சன்னம் அல்லது ஈயக் குண்டுகள். சுட்டு முடிந்ததும் மருந்தும் எரியூட்டியும் தீர்ந்துபோகின்றன, சன்னம் பறந்துவிடுகிறது, ஆனால் நான்கிலும் பெரும்பாலும் விலை மிகுந்ததாகிய பித்தளைக் கோது துவக்கிலேயே தங்கிவிடுகிறது. அதைத் துப்புரவாக்கி, மீண்டும் அளவுக்கு அழுத்தி, மற்ற மூன்றையும் புதிதாக இட்டுப் பயன்படுத்துவதே மறுநிரப்பல். வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் வேட்டைக்காரரும் குறிசுடும் விளையாட்டினரும் சட்டத்துக்கு உட்பட்டு வீட்டில் செய்துவரும் வேலை அது. மருந்து ‘கிரெய்ன்’ என்னும் சிற்றளவால் நிறுக்கப்படுகிறது. ஒரு இறாத்தலுக்கு 7000 கிரெய்ன் ஆகையால், தோட்டாவுக்கு 40 கிரெய்ன் இடுபவர் ஒரு இறாத்தலில் 175 தோட்டாக்களை நிரப்பிவிடுவார். கோதின் விலை பலமுறைக்குப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரு தொகை மிஞ்சுவது உண்மை.

ஆனால் அந்த மிச்சம் எந்தத் தோட்டா, எத்தனை தோட்டா என்பதைப் பொறுத்தே அமைகிறது. பெருந்தொகையாக உற்பத்தியாகும் மலிவான கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அது மிகச் சிறிது. அரிதாக விற்கப்படும் பெரிய வேட்டைத் தோட்டாக்களில் கணிசமானது. எரியூட்டி கோதின் விளிம்புக்குள்ளேயே வார்க்கப்பட்ட 0.22 அங்குலச் சிறு தோட்டாவிலோ மறுநிரப்பல் நடைமுறைக்கு ஒவ்வாதது. அழுத்துகருவி, அச்சுகள், நுண்தராசு ஆகியவற்றுக்கான முதல் தனி. எடுத்துக்காட்டாக, கருவிகளுக்கு 60,000 ரூபா செலவிட்டவர் ஒரு தோட்டாவில் 40 ரூபா மிச்சப்படுத்துகிறார் என வைத்துக்கொண்டால், 1500 தோட்டாக்களை நிரப்பிய பின்பே கருவியின் விலை அடைபடும். ஆண்டுக்கு 50 தோட்டா மட்டுமே சுடும் விவசாயிக்கு அது 30 ஆண்டுக் காத்திருப்பு. அதிகம் சுடுபவருக்கே மிச்சம் கிடைக்கிறது. மிச்சம் கிடைப்பதால் அவர் இன்னும் அதிகமாகச் சுடுகிறார். முடிவில் மாதச் செலவு குறைவதில்லை என்பதை அத்துறையில் நீண்டகாலம் ஈடுபட்டோரே ஒப்புக்கொள்கின்றனர். இரவில் மேசையருகே செலவழியும் மணித்தியாலங்களும், அளவு தவறினால் துவக்கின் குழலே வெடித்துச் சிதறக்கூடிய ஆபத்தும் அவர்களுடைய கணக்கில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. உழைப்புக்கும் ஆபத்துக்கும் விலை போடாமல் விடுவதால்தான் வீட்டுத் தோட்டா மலிவாகத் தோன்றுகிறது. இந்தக் குறையே வன்னியிலும் மன்னார்க் கடலிலும் பல மடங்காகப் பெருகுகிறது.

இலங்கையில் தோட்டா மறுநிரப்பல் வீட்டுப் பொழுதுபோக்காக வளர இடமில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கை அனுமதிப்பத்திரத்தோடு பிணைக்கிறது. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் வெடிபொருள் செய்வதையும் வைத்திருப்பதையும் உரிமத்துக்கு உட்படுத்துகிறது. இருந்தும் ஒவ்வொரு வெடியையும் தாமே நிரப்பிச் சுடும் பழக்கம் வன்னிக்குப் பழையது. ‘இடியன்’ எனப்படும் துவக்குக்குத் தோட்டாவே கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தை இட்டு, தக்கை வைத்து இடித்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, மீண்டும் இடித்துச் சுடவேண்டும். பன்றியும் குரங்கும் யானையும் வயலுக்குள் இறங்கும் ஊர்களில், 12 போர்த் துவக்கும் அதற்கான தோட்டாவும் வாங்க வசதியற்ற விவசாயிக்கு இடியன் கைக்கெட்டிய காவலாக இருந்தது. (12 என்னும் எண், ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றில் ஒன்று பொருந்தும் குழலைக் குறிப்பது.)

அந்தக் காவல் ஆள் இல்லாத காவலாக மாறியபோதுதான் கணக்கு கெட்டது. வழியில் கம்பி இழுத்துப் பூட்டி வைக்கப்படும் கட்டுத்துவக்கு, விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போன மனிதரின் காலையும் முறித்திருக்கிறது. இரைக்குள் பொதிந்து வைக்கப்படும் பன்றி வெடி அதைவிடக் கொடியது. சிங்களத்தில் ‘ஹக்கபட்டாஸ்’ என்றும் தமிழ்நாட்டில் ‘அவுட்டுக்காய்’ என்றும் அறியப்படும் அதைக் கடித்த விலங்கு உடனே சாவதில்லை. தாடை சிதைந்து, உண்ணவும் குடிக்கவும் இயலாமல் பல நாள் அலைந்து இறக்கிறது. இலங்கையின் யானைச் சாவுகளுக்கு இது ஒரு முதன்மைக் காரணமாகத் தொடர்ந்து பதிவாகிறது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்து ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்ட கருவுற்ற யானையை நாடே பேசியது. அதைக் கொன்றதும் இவ்வகையில் கையால் கட்டப்பட்ட சிறு வெடிதான்.

கடலில் எறியும் வெடி

மன்னார்க் கரையில் இந்தச் சிக்கனத்தின் மிகப் பெரிய வடிவம் டைனமைற் மீன்பிடி. ‘டைனமைற்’ என்று பொதுப்பெயரால் சொல்லப்பட்டாலும், இலங்கைக் கடலில் இன்று பெரும்பாலும் பிடிபடுவது கல் உடைக்கும் குவாரிகளுக்கென உற்பத்தியாகும் வோட்டர் ஜெல் என்னும் குச்சிகளும், அவற்றை வெடிக்கச் செய்யும் டெற்றனேற்றர்களும், ‘சேவா நூல்’ எனப்படும் எரிதிரியும் ஆகும். உரிமம் பெற்ற குவாரிக்குப் போகவேண்டிய பொருள் கள்ளவழியில் கடற்கரையை வந்தடைந்து, கரையோர வீட்டிலோ படகிலோ கையால் கட்டப்படுகிறது. சிலாவத்துறை, பேசாலை, தலைமன்னார்ப் பகுதிக் கடலில் இவற்றோடு ஆட்கள் கைதாகும் செய்திகளைக் கடற்படை அடிக்கடி வெளியிட்டு வருகிறது. எதிர்க் கரையான தமிழ்நாட்டில் ‘தோட்டா போடுதல்’ என்று கடற்புறத்தார் சொல்வதும் இதனையே.

வெடி எறிபவரின் நோக்கிலிருந்து பார்த்தால் இதன் கவர்ச்சி விளங்காததன்று. வலைக்கு முதல் வேண்டும். வலை கிழியும், தைக்கவேண்டும். இரவு முழுவதும் கடலில் கிடந்தாலும் சில நாள் எரிபொருட் செலவுக்குக்கூடப் பாடு கிடைக்காது. வெளிப்பொறி பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஆகஸ்டில் அதன் விலை ஒரே நாளில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, ஒரு நாள் தொழிலுக்கான எரிபொருட் செலவே ஏறத்தாழ நான்கு மடங்கானது. இந்த நிலையில், பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மேய்ந்து நிற்கும் மீன் கூட்டம் ஒன்றைக் கண்டால் ஒரு வெடியில் படகை நிரப்பிவிடலாம் என்பது, கடனில் இருக்கும் ஒருவருக்கு மறுக்க முடியாத கணக்காகத் தோன்றும். வறுமை இதன் காரணங்களில் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ளாத கட்டுரை நேர்மையானதாகாது. ஆயினும் வெடிக்குப் பின்னால் இருப்பவர் எல்லோரும் வறியவர் அல்லர். வெடிபொருளைக் கொண்டுவந்து சேர்ப்பவர், படகையும் சுழியோடிக் கருவிகளையும் கொடுப்பவர், பிடித்த மீனைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் வியாபாரி என்று ஒரு சங்கிலி இருக்கிறது. ஆதாயத்தின் பெரும்பங்கு இவர்களிடம் தங்க, கையும் கண்ணும் உயிரும் எறிபவருடையவையாக உள்ளன.

நீருக்குள் நடப்பதை அறிந்தால் இந்தக் கணக்கின் பொய் வெளிப்படும். காற்று அமுங்கக்கூடியது, நீர் பெரும்பாலும் அமுங்காதது. ஆகவே நீருக்குள் வெடித்த வெடியின் அதிர்ச்சி அலை காற்றில் போல விரைவில் தணியாமல், நொடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றருக்குக் குறையாத வேகத்தில் நாற்புறமும் பாய்கிறது. மீனின் தசை நீரைப் போன்ற அடர்த்தி உடையதாகையால் அலை அதனூடே கடந்துவிடுகிறது. மீன் மிதப்பதற்கு உதவும் காற்றுப்பையை அடையும்போது அங்கே வாயுவும் தசையும் சந்திக்கும் எல்லை கிழிகிறது. பை வெடிக்கிறது, ஈரலும் சிறுநீரகமும் சிதைகின்றன, முள்ளந்தண்டோரம் குருதி கட்டுகிறது. காற்றுப்பை கிழிந்த மீனில் ஒரு பகுதி மேலே மிதக்க, பெரும் பகுதி அடியில் அமிழ்ந்துவிடுகிறது. அதனால்தான் வெடிக்காரருக்குச் சுழியோடி தேவைப்படுகிறார். அவர் எட்டக்கூடிய ஆழத்திலும் கிடைக்கும் நேரத்திலும் பொறுக்கியது போக, மற்றவை அங்கேயே அழுகுகின்றன. அந்த அலைக்குள் அகப்பட்ட முட்டைகளும் குஞ்சுகளும் இறால் நண்டுக் குடம்பிகளும் எந்தப் படகின் பாட்டிலும் சேர்வதில்லை. வலைக்குக் கண் அளவு உண்டு, தூண்டிலுக்கு முள் அளவு உண்டு. இதற்கு எந்த அளவும் இல்லை.

பாரின் இழப்பு இதனினும் நீண்டது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் சிலாவத்துறை, அரிப்பு, வங்காலைக்கு அப்பாலுள்ள கடலடியில் முருகைக்கல் எனப்படும் பவளப்பாறைப் பார்களும், உலகப் புகழ்பெற்ற முத்துச் சிப்பிப் பார்களும் கிடக்கின்றன. கிளைவிடும் முருகை ஆண்டுக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர் வளரக்கூடும். பாறை போன்று திரளும் முருகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். 1998இலும் 2016இலும் கடல் வெப்பம் ஏறியபோது இப்பகுதிப் பவளப்பாறைகள் வெளிறிப் பேரளவில் மடிந்தன. அதிலிருந்து தப்பியவையும் புதிதாய் முளைத்தவையும் இன்று வெடிக்கு இலக்காகின்றன. இந்தோனேசியாவில் வெடியால் உடைந்த பார்களைப் பல ஆண்டு கண்காணித்து 2006இல் வெளியான ஆய்வு, ஓர் இடத்தில் ஒருமுறை மட்டும் வெடித்த சிறு பள்ளங்கள் சுமார் 5 ஆண்டுகளில் ஓரளவு தேறுவதையும், திரும்பத் திரும்ப வெடித்துச் சல்லியாகிப்போன பரப்புகள் தேறாமலே கிடப்பதையும் காட்டியது. காரணம் எளிது: நீரோட்டத்தில் உருண்டுகொண்டே இருக்கும் சல்லியில் முருகைக் குடம்பி வேர்கொள்ள முடியாது, கொண்டாலும் உராய்ந்தோ புதைந்தோ அழியும்.

இந்த இழப்புக்குப் பண அளவு போட்டவர்களும் உண்டு. பெற்–சூடே, சேசர், பெற் ஆகிய மூவர் இந்தோனேசியாவை முன்வைத்து 1999இல் வெளியிட்ட பொருளியல் ஆய்வின்படி, சுற்றுலாவுக்கும் கரைக் காப்புக்கும் பெறுமதி மிகுந்த இடங்களில் 20 ஆண்டு வெடி மீன்பிடியால் ஒரு சதுர கிலோமீற்றர் பாருக்கு ஏற்படும் நிகர இழப்பு 306,800 அமெரிக்க டொலர். அப்பெறுமதி குறைந்த இடங்களில்கூட 33,900 டொலர். பெறுமதி மிகுந்த இடங்களில் சமூகம் இழப்பது வெடிக்காரர் அனைவரும் சேர்ந்து பெறும் நிகர ஆதாயத்தின் நான்கு மடங்கு. மன்னாருக்கு இதே எண்களைப் பொருத்த இயலாது. கடலும் சந்தையும் வேறு. ஆனால் ஆதாயம் சிலருடைய பையில் சில மணி நேரத்தில் விழ, இழப்பு எல்லோர் மேலும் இருபது ஆண்டுக்குப் பரவுகிறது என்னும் அமைப்பு இங்கும் அதுவே. கரைக் காப்பு என்பது ஏட்டுச் சொல்லன்று: முருகைக்கல் அகழ்வுக்கு நெடுங்காலம் உள்ளான தமிழ்நாட்டுப் பக்க மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைக் கொண்டு 1986இல் அமைந்த கடல் தேசியப் பூங்காவின் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன.

யாருடைய பங்கு குறைகிறது

கரைவலையின் ஒரு இழுப்பை எண்ணிப் பார்த்தால் இழப்பின் மற்றொரு பக்கம் தெரியும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் இழுத்தவருக்கும் பங்கு போகிறது. வலை தைத்தவருக்குக் கூலி போகிறது. மிஞ்சிய சூடையும் காரலும் கருவாடாகி, காயவைக்கும் பெண்களின் வீட்டுக்கு வருமானமாகிறது. மூன்று நான்கு பேர் ஒரு படகில் போய்ச் செய்யும் வெடித் தொழிலில் இந்தப் பங்குகள் எவையும் இல்லை. உள்ளுறுப்புகள் சிதைந்த மீன் விரைவில் பழுதாவதால் நல்ல விலைக்கும் போவதில்லை. ஆக வெடிக்காரர் அந்தக் குறைந்த விலையை ஈடுசெய்ய இன்னும் அதிகம் கொல்லவேண்டி வருகிறது. பாரில் மீன் அருகியதும் வள்ளத்திலும் தெப்பத்திலும் அருகே தொழில் செய்யும் முதியவர்கள்தான் முதலில் தொழிலை இழக்கிறார்கள். தொலைவுக்குப் போக அவர்களிடம் எஞ்சினும் இல்லை, மண்ணெண்ணெய்க்குப் பணமும் இல்லை. அந்தக் கடலில் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் ஆமையும் ஓங்கிலும் இந்த அலைக்குத் தப்புவதில்லை.

மன்னார்க் கடற்றொழிலாளர் இந்திய இழுவைப்படகுகளுக்கு எதிராக நடத்திவரும் நீண்ட போராட்டம் நியாயமானது; கடலடியை உழுது அழிக்கும் அம்முறையை இலங்கையே 2017இல் சட்டத் திருத்தம் ஒன்றால் முற்றாகத் தடைசெய்தது. ஆனால் அயலார் வலையால் பார் அழிகிறது என்று முறையிடும் கரை, தன் ஊர்ப் படகில் வெடி போவதைக் கண்டும் காணாமல் இருக்குமானால், அந்த முறையீட்டின் வலு தானாகவே குன்றும். அச்சம் ஒரு காரணம், உறவு மற்றொன்று. ஊருக்குள் எல்லோரும் மாமன் மச்சான் என்றிருக்கும்போது முறைப்பாடு செய்வது எளிதன்று. இதனால்தான் தனியாளின் துணிவை நம்புவதைவிடக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் ஊர்த் தேவாலயப் பங்கும் பள்ளிவாசல் நிர்வாகமும் கூட்டாக எடுக்கும் தீர்மானம் வலுவுடையதாகிறது.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டம் வெடிபொருளாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பதைத் தடைசெய்து, அவ்வாறு பிடித்த மீனை அறிந்தே கையாள்பவரையும் குற்றத்துக்குள் கொண்டுவருகிறது. பிரித்தானிய இந்தியாவில் 1897இலேயே மீன்வளச் சட்டம் கரைக் கடலில் வெடியைத் தடுத்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலான தடை இன்றும் மீறப்படுவதற்குக் காரணம் கடலில் கைது செய்வதோடு வேலை முடிந்துவிடுவதே. எறிந்தவர் பிடிபட, வோட்டர் ஜெல் எந்தக் குவாரியின் கணக்கிலிருந்து வந்தது என்னும் கேள்வி பின்தொடரப்படாவிட்டால், அடுத்த வாரம் வேறொரு கை அதே குச்சியைக் கட்டும். குவாரிக்கு விநியோகிக்கப்படும் ஒவ்வொரு குச்சியும் எங்கே வெடித்தது என்பதைக் கணக்குக் காட்டவைப்பது, கடலில் நூறு படகுகளைத் துரத்துவதைவிட மலிவானதும் பயனுள்ளதும் ஆகும். அதே வேளையில், மண்ணெண்ணெய் மானியமும் வலை வாங்க நியாயமான கடனும் சிறு படகுக்காரரைச் சென்றடையாமல் தண்டனையை மட்டும் கூட்டுவது, அந்தச் சங்கிலியின் மேற்கண்ணிகளைத் தொடாது. கீழே நிற்பவரையே மீண்டும் அடிக்கும்.

எஞ்சுவது வாங்குபவரின் கை. வெடியில் செத்த மீனை அறிவதற்குக் கருவி வேண்டியதில்லை. மேற்செதில் கெடாமல் புதிதாகத் தெரிந்தாலும் உடல் துவண்டு கிடக்கும். கண்ணில் குருதி கட்டியிருக்கும். வயிற்றைக் கீறினால் காற்றுப்பை கிழிந்திருக்கும். முள்ளந்தண்டை ஒட்டிய தசை குருதிக் கறையோடு எலும்பிலிருந்து விலகியிருக்கும். பேசாலையிலோ மன்னார்ச் சந்தையிலோ கொழும்பிலோ, இந்த அடையாளங்கள் உள்ள பாரையையும் கட்டாவையும் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் விடுங்கள். ஏன் வாங்கவில்லை என்பதை விற்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.